பெயரை அடகு வைத்த கதை



மாசி, பங்குனி மாதங்களில் பச்சைமலையிலிருந்து துறையூருக்குப் புளி மூட்டைகள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முந்திரியும் மரவள்ளியும் அப்படித்தான் வருகின்றன. மலையிலிருந்து வருகிற விவசாயி தராசைப் பார்ப்பான், பிறகு முதலாளியின் முகத்தைப் பார்ப்பான். "மீதியை அடுத்த சந்தைக்கு வாங்கிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவான். அவன் கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. சில நேரம் அதுவும் இருக்காது. அடுத்த சந்தையில் அந்த மீதி கைக்கு வந்தால்தான் அதற்கடுத்த ஆண்டும் அவன் மூட்டை நம் மண்டிக்கு வரும். நம்முடைய தொழிலில் முதல் என்பது பணம் மட்டும் அல்ல, நாணயமும் முதல்தான். ரூபாய்க்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல்லை வைத்தவர்கள் காரணம் இல்லாமல் வைக்கவில்லை.

இந்த நாணயத்தை மனதில் வைத்துக்கொண்டு, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஒரு பெருந்தொழிலதிபரின் மீது வங்கிகள் போட்ட சிவில் வழக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. விஜய் மல்லையாவின் வழக்கைத்தான் சொல்கிறேன். செய்தித்தாளில் எல்லோரும் படித்ததுதானே என்று நினைக்க வேண்டாம். செய்தித்தாள் அவருடைய மாளிகைகளையும் விருந்துகளையும் பற்றி எழுதியது. கணக்கு எழுதுகிற நாம் அதைப் பேரேடு படிப்பது போலப் படிக்க வேண்டும்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். மதுபானத் தொழிலில் தந்தை வழி வந்த பெரும் செல்வத்துக்கு வாரிசு அவர். 2002-இலும் மீண்டும் 2010-இலும் கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2005 மே மாதம் கிங்பிஷர் விமான நிறுவனம் பறக்கத் தொடங்கியது. நஷ்டம் ஏற ஏறக் கடனும் ஏறியது. 2012 அக்டோபரில் விமானங்கள் நின்றன. சம்பளம் வராத ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். ஸ்டேட் வங்கி தலைமையில் 17 வங்கிகள் சேர்ந்து 9,000 கோடி ரூபாய்க்கு மேல் வர வேண்டும் என்றன. 2013-இல் பெங்களூரு கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தாக்கலானது. 2015 நவம்பரில் ஸ்டேட் வங்கி அவரை 'வேண்டுமென்றே கடன் கட்டாதவர்' என்று அறிவித்தது. 2016 மார்ச் 2-ஆம் தேதி அவர் நாட்டை விட்டு வெளியேறினார். அன்றும் அவர் மாநிலங்களவை உறுப்பினர்தான். பதவியை ராஜினாமா செய்தது மே மாதத்தில்.

2017 ஜனவரி 19-ஆம் தேதி தீர்ப்பாயம் 6,203 கோடி ரூபாயை, ஆண்டுக்கு 11.5 சதவீத வட்டியுடன், வங்கிகள் வசூலித்துக் கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லண்டன் நீதிமன்றத்துக்கும் போயின. 2021 ஜூலை 26-ஆம் தேதி லண்டன் உயர் நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தது. நம் ஊர் மொழியில் சொன்னால் மஞ்சள் கடிதாசி. நாம் கொடுக்கும் மஞ்சள் கடிதாசி கடன்காரர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கொடுப்பது. இதுவோ கடன் கொடுத்தவர்கள் கேட்டு வாங்கியது. அதை எதிர்த்து அவர் செய்த மேல்முறையீடும் 2025 ஏப்ரலில் தள்ளுபடியானது.

இனி நாம் நின்று பார்க்க வேண்டிய இடத்துக்கு வருவோம். அந்தக் கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டவற்றில் ஒன்று 'கிங்பிஷர்' என்ற விமான நிறுவனத்தின் பெயர். பெயர் என்றால் பெயரேதான். அந்த எழுத்தும் பறவைப் படமும் சேர்ந்த வணிகச் சின்னம். நல்ல காலத்தில் அதன் மதிப்பு 4,000 கோடிக்கு மேல் என்று கணித்துச் சொன்னார்கள். வங்கிகள் ஏற்றுக்கொண்டன. 2016 ஏப்ரலில் அதே பெயரை 366 கோடியே 70 லட்சம் என்ற ஆரம்ப விலையில் ஏலம் விட்டபோது கேட்க ஒருவர்கூட வரவில்லை. மும்பையில் கிங்பிஷர் ஹவுஸ் என்ற கட்டடத்துக்கு முதலில் வைத்த விலை 150 கோடி. பலமுறை ஏலம் போகாமல் 2021-இல் சுமார் 52 கோடிக்குத்தான் விற்றது. 2011-இல் இதே வங்கிகள் கடனில் ஒரு பகுதியை நிறுவனப் பங்குகளாக மாற்றிக்கொண்டன. அதுவும் அன்றைய சந்தை விலையை விடக் கூடுதல் விலைக்கு! கடைத்தெருவில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற சரக்கைப் பதினாறு ரூபாய்க்கு வாங்குகிற மண்டிக்காரரை நம்மில் யாராவது கண்டதுண்டா?

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். மளிகை மொத்த வியாபாரத்தில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஒரு வருடம் மிளகாய் விலை சரிந்ததில் கேஷ் கிரெடிட் கணக்கில் இரண்டு மாத வட்டி நின்றுவிட்டது. வங்கியிலிருந்து ஓர் அதிகாரி கடைக்கே வந்தார். எந்த வங்கி என்பது இங்கே தேவையில்லை. ஸ்டாக் ஸ்டேட்மெண்டைக் கையில் வைத்துக்கொண்டு குடோனில் மூட்டைகளை எண்ணினார். தாளில் 240, குடோனில் 228. பன்னிரண்டு மூட்டை முதல் நாள் மாலை லோடாகி மணப்பாறைக்குப் போயிருந்தது. பில்லைக் காட்டினேன். "பில் சரிங்க, மூட்டை எங்கே?" என்றார். வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள், கடைப் பையன்கள் பார்க்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த அவமானத்தை வட்டி போட்டுக் கணக்கிட முடியாது. அந்த அதிகாரியை நான் இன்றும் குறை சொல்லவில்லை. அவர் செய்தது சரியான வேலை. பன்னிரண்டு மூட்டைக்கு இத்தனை கண் இருக்கிற வங்கித் துறைக்கு, 4,000 கோடி என்று எழுதப்பட்ட ஒரு பெயரை எண்ணிப் பார்க்கக் கண் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

பதில் நமக்குத் தெரியாதது அல்ல. பெரிய இடம் என்றால் கேள்வி குறையும். நாடாளுமன்றப் பதவியை யாரும் அடமானப் பத்திரத்தில் எழுதுவதில்லை. ஆனாலும் அது மேஜையின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கத்தான் செய்யும். அந்தக் கடன்களில் சில விதிகளை மீறி அவசரம் அவசரமாகக் கொடுக்கப்பட்டன என்று மத்தியப் புலனாய்வுத் துறை குற்றம் சாட்டி வழக்கு நடத்துகிறது. அது தனிக் கிரிமினல் வழக்கு. அதில் முடிவு நீதிமன்றத்தின் கையில். நாம் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மல்லையா தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும். 'வியாபாரம் நொடித்தது, நான் ஏமாற்றவில்லை' என்பது அவருடைய வாதம். அசலை முழுவதும் கட்டிவிடுகிறேன் என்று பலமுறை பகிரங்கமாகச் சொன்னார். 2024 டிசம்பரில் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் மக்களவையில், மல்லையாவின் சொத்துகளிலிருந்து 14,131 கோடியே 60 லட்சம் ரூபாய் பொதுத்துறை வங்கிகளுக்குத் திருப்பித் தரப்பட்டதாகத் தெரிவித்தார். உடனே அவர், 'தீர்ப்பாயம் சொன்னது 6,203 கோடி. எடுத்தது இரு மடங்குக்கு மேல். எனக்குக் கணக்குக் கொடுங்கள்' என்று கேட்டு 2025 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வட்டி பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கணக்குக் கேட்பது கடன்காரரின் உரிமை. மல்லையா கேட்டாலும் சரி, மணச்சநல்லூர் அரிசிக் கடைக்காரர் கேட்டாலும் சரி, வங்கி வரவு செலவைக் காட்டத்தான் வேண்டும். இதில் ஆளுக்கொரு நியாயம் கிடையாது.

அப்படியானால் அவர் பக்கம் தவறே இல்லையா? இங்கேதான் நம் பெரியவர்கள் கற்றுக் கொடுத்த ஒரு வேறுபாடு உதவுகிறது. நொடித்துப்போவது வேறு, ஒளித்து வைப்பது வேறு. நஷ்டம் யாருக்கும் வரும். காந்தி மார்க்கெட்டிலும் பெரிய கடை வீதியிலும் நொடித்து, பிறகு பத்து வருடம் உழைத்துப் பழைய பாக்கியைத் தேடிப்போய்க் கொடுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு ஊரில் இன்றும் மரியாதை உண்டு. மல்லையா விஷயத்தில் உச்ச நீதிமன்றம் கண்ட தவறு நஷ்டம் அல்ல. 2016-இல் டியாஜியோ நிறுவனத்திடமிருந்து வந்த 4 கோடி டாலரை, நீதிமன்ற உத்தரவுகள் இருக்கும்போதே, தன் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றினார். சொத்து விவரத்தையும் முழுமையாகச் சொல்லவில்லை. இதற்காக 2017-இல் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று முடிவு செய்து, 2022 ஜூலையில் 4 மாதச் சிறைத் தண்டனையும் 2,000 ரூபாய் அபராதமும் விதித்து, அந்தப் பணத்தை வட்டியுடன் திருப்பவும் உத்தரவிட்டது. பாக்கிக்காரர்கள் வாசலில் நிற்கும்போது கல்லாப் பணத்தைப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு அனுப்புவதற்கு நம் கடைத்தெருவில் என்ன பெயரோ, அந்தப் பெயர்தான் இதற்கும்.

இதே போன்ற வழக்கு உலகத்தின் பெரிய பதவியில் இருப்பவர் மீதும் நடந்தது. அமெரிக்காவில் டொனால்டு டிரம்ப் மீது நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2022 செப்டம்பரில் சிவில் மோசடி வழக்குப் போட்டார். வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் கொடுத்த கணக்கில் சொத்து மதிப்பை ஊதிக் காட்டினார் என்பது புகார். சுமார் 11,000 சதுர அடியுள்ள தன் வீட்டை 30,000 சதுர அடி என்று எழுதியிருந்ததும் அதில் ஒன்று. 'வங்கிகளுக்கு வட்டியும் முதலும் கொடுத்துவிட்டேன், யாருக்கு நஷ்டம்?' என்பது அவர் வாதம். 2024 பிப்ரவரியில் சுமார் 35 கோடியே 50 லட்சம் டாலரும் வட்டியும் கட்ட வேண்டும் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு மன்றம் அந்தத் தொகை மிக அதிகம் என்று ரத்து செய்தது. மோசடி என்ற முடிவை மட்டும், அடுத்த மேல்முறையீட்டுக்கு இடம் விட்டு, அப்படியே வைத்தது. பணம் திரும்பி வந்துவிட்டால் பொய்க் கணக்கு மெய்க் கணக்காகி விடாது என்பதுதான் அங்கே வழக்குப் போட்டவர்களின் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

நம் மாநிலத்திலும் ஒரு பாடம் உண்டு. 1992-இல் முதலமைச்சராக இருந்த செல்வி ஜெயலலிதா பங்குதாரராக இருந்த ஜெயா பப்ளிகேஷன்ஸ், கிண்டியில் அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கியது. 2000-இல் தனி நீதிமன்றம் தண்டித்தது. 2001-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. ஆனால் அதே தீர்ப்பில், சட்டப்படி குற்றம் நிரூபிக்கப்படாவிட்டாலும் மனசாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும், நிலத்தைத் திருப்பிக் கொடுத்துப் பரிகாரம் தேடலாம் என்ற கருத்தையும் பதிவு செய்தது. விடுதலை பெற்றவருக்கும் நீதிமன்றம் மனசாட்சியை நினைவூட்டியது. இதைக் கட்சிக் கண்ணோடு பார்க்க வேண்டாம். நம் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. அதிகாரத்தில் இருப்பவர் எந்தக் கொடியைப் பிடித்தாலும், ஒரே ஆள் தராசின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் முள் நேராக நிற்காது என்பதே விஷயம்.

சரி, இதெல்லாம் கோடிகளின் கதை. ஆயிரங்களில் புழங்குகிற நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் நிறைய இருக்கிறது. கிங்பிஷர் நிறுவனத்தைக் கலைக்கும்படி 2016 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கைப் போட்டவர்களில் முக்கியமானது ஏரோட்ரான் என்ற நிறுவனம். விமானங்களுக்கு உதிரிபாகம் கொடுத்து, பில் தொகை வராமல் நின்ற சப்ளையர் அது. வங்கிக்காவது ஈடு இருந்தது. 2021 ஜூனில் யுனைடெட் புரூவரீஸ் பங்குகளை விற்றதில் மட்டும் 5,800 கோடிக்கு மேல் கிடைத்தது. சரக்குக் கொடுத்தவன் கையில் இருந்தது பில் மட்டும். நாமும் அந்த வரிசையில் நிற்பவர்கள்தான். ஆகவே சில விஷயங்களை உறுப்பினர்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

ஒன்று: ஜாமீன் கையெழுத்து. மல்லையாவைத் தனிப்பட்ட முறையில் பிடித்தது அவர் நிறுவனத்துக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்துதான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. 'முதலில் அவரைக் கேளுங்கள்' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கட்சிப் பிரமுகர், வார்டுக்காரர், வேண்டியவர் என்ற தாட்சண்யத்துக்காகப் போடுகிற கையெழுத்து நம் வீட்டுப் பத்திரத்தில் வந்து முடியும்.

இரண்டு: பாக்கி உறுதிக் கடிதம். சரக்கு விற்ற பாக்கிக்குச் சிவில் வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலம். அந்தக் கெடு முடிவதற்குள் 'இவ்வளவு தர வேண்டியது உண்மை' என்று எழுத்தில் கையெழுத்து வாங்கினால் காலம் புதிதாகத் தொடங்கும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதில் வெட்கம் எதற்கு? நல்லவர் தயங்க மாட்டார். தயங்குகிறவரை அன்றைக்கே தெரிந்துகொள்ளலாம்.

மூன்று: செக். வாங்கிய செக்கைப் பெட்டியில் போட்டு மறந்துவிடாதீர்கள். 2012-இலிருந்து அதன் ஆயுள் மூன்று மாதம்தான். திரும்பி வந்தால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஒரு படி தவறினாலும் எதிராளிக்கு வாய்ப்பு.

நான்கு: தேர்தல் கணக்கு. அரிசி, எண்ணெய், பிஸ்கட், தண்ணீர் பாட்டில் என்று கடனில் போகும். "தலைவர் சொன்னார்" என்பது சிட்டையில் எழுதத் தகுந்த பெயர் அல்ல. வாங்கியவர் பெயர், கையெழுத்து, தேதி இல்லாமல் சரக்கை வெளியே விடாதீர்கள்.

ஐந்து: நம் கணக்கு. வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் இல்லாத சரக்கை எழுதுகிற வழக்கம் நம்மிடமும் சில இடங்களில் இருக்கிறது. 'பதினைந்து நாளில் லோடு வந்துவிடும், முன்னாலேயே எழுதிக்கொள்வோம்' என்பார்கள். அளவு சிறியது என்பதற்காக அதன் பெயர் மாறாது. பெரிய இடத்தை நோக்கி விரல் நீட்டுகிறவர் தன் குடோனைச் சரியாக வைத்திருக்க வேண்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். சிறு, குறு உற்பத்தியாளர்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். ஆனால் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு சலுகை மட்டும்தான் என்று நிறுத்திவிட்டார்கள். 45 நாள் பாதுகாப்பு நமக்கு இல்லை. பெரிய இடத்துக்குச் சரக்குக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் நடக்கிற வியாபாரிக்கு அந்தப் பாதுகாப்புத் தேவையில்லையா? இதை மாவட்டச் சங்கங்கள் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்ப வேண்டும். அதோடு, பெருங்கடன் ஒவ்வொன்றிலும் என்ன ஈடு, யார் மதிப்பிட்டது, எவ்வளவு வசூலானது என்ற விவரத்தை வங்கிகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். அது நம் டெபாசிட் பணம்.

கடைசியாக ஒன்று. கிங்பிஷர் என்ற விமானப் பெயரை 366 கோடிக்குக் கேட்க ஆள் இல்லை. அது பறக்கும்போது இருந்த மதிப்பு, சம்பளமும் பாக்கியும் நின்ற அன்றே போய்விட்டது. நம் கடைப் பலகையில் இருக்கிற பெயருக்கு எந்த நிறுவனமும் வந்து மதிப்புப் போடப் போவதில்லை. துண்டுச் சீட்டோடு பஸ் ஏறிய பச்சைமலைக்காரன்தான் அதற்கு மதிப்புப் போடுகிறவன். அடுத்த மாசியில் அவன் மூட்டையை எந்த மண்டியில் இறக்குகிறான் என்று பாருங்கள். நம் ஐந்தொகை அங்கே தெரியும்.